இங்கே ஒரு சுவர் இருந்தது

முதலில் அவர் உங்கள் மணிக்கட்டைப் பிடிப்பார். வலிக்கிற பிடி அல்ல. ஆனால் உருவிக்கொள்ளவும் முடியாது. அப்படியே உங்களைச் சுவரோரம் நடத்திக்கொண்டு போய், தம்முடைய வலக்கை நடுவிரலை மடக்கி, அந்த முட்டியால் சுவரில் இரண்டு தட்டுத் தட்டுவார். தட்டிவிட்டுத் தலையைச் சாய்த்து, நாடி பார்க்கிற வைத்தியர் மாதிரி கண்ணை மூடிக்கொள்வார். மறுபடியும் ஒரு தட்டு. இந்த மூன்றாவது தட்டு அவருக்கல்ல, உங்களுக்கு. இதற்கு நீங்கள் ஏதாவது சொல்லியாக வேண்டும். சும்மா நின்றீர்களானால், உங்கள் விரலையே மடக்கி உங்கள் முட்டியாலேயே சுவரைத் தட்டுவார்.

"கேட்டீங்களா? கல்லு. முன்னே தட்டினா உதிரும்."

இவர்தான் வீடு காட்டுகிறவர்.

வாசகர்களே, கூட்டத்தில் 'இரண்டே வார்த்தை' என்று எழுந்து நிற்பவரை உங்களுக்குத் தெரியும். ரயிலில் ஏறி உட்கார்ந்த ஐந்தாவது நிமிஷம் உங்கள் சம்பளத்தைக் கேட்பவரையும் தெரியும். வீடு காட்டுகிறவரை மட்டும் ஒருவரும் இதுவரை ஆராய்ந்து எழுதவில்லை. ஆராயப் போனவர்கள் இன்னும் மாடியைவிட்டு இறங்கி வரவில்லை என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

புது வீடு கட்டியவர் இந்த இனத்தில் சேரமாட்டார். பாவம், அவருக்கு 'முன்னே' என்று ஒன்று கிடையாது. பழைய வீட்டைப் புதுப்பித்தவருக்குத்தான் இரண்டு வீடு. ஒன்று நம் கண்ணுக்குத் தெரிவது. மற்றது அவர் இடித்துத் தள்ளியது. இரண்டையும் காட்டாமல் அவர் விடமாட்டார். அதிலும் இடித்ததைக் காட்டத்தான் அதிக நேரம் பிடிக்கும். அது அங்கே இல்லையே.

ஆகவே அவர் பேச்சு எப்போதும் ஒரு கேள்வியில் தொடங்கும். "இங்கே முன்னே என்ன இருந்துச்சு, சொல்லுங்க பாப்போம்." இதற்குச் சரியான விடை சொல்லிவிடாதீர்கள். ஒருவர் சொல்லிவிட்டார், அன்று முழுவதும் அந்த வீட்டில் யார் முகத்திலும் களையில்லை. 'தெரியலீங்களே' என்று சொல்வதும் போதாது. முயற்சி செய்தது மாதிரி தோன்றாது. கொஞ்சம் யோசித்து, மேலே பார்த்து, கீழே பார்த்து, தவறாக ஏதாவது சொல்ல வேண்டும். 'அலமாரிங்களா?' அவ்வளவுதான், அவர் முகம் மலர்ந்துவிடும்.

வந்த காரியத்தை நீங்கள் எப்போது சொல்லலாம்? சொல்லவே முடியாது. குடிக்கத் தண்ணீர் கேட்டால் தண்ணீர் வருகிற வழியைக் காட்டுவார். நேரமாகிறது என்றால் கடிகாரம் மாட்டியிருக்கும் ஆணியைக் காட்டுவார். ஒரு முறை திருவரங்குளத்திலிருந்து ஒருவர் சாவுச் செய்தி சொல்ல வந்தார். படியேறினார், முக்கால் மணி நேரம் கழித்து இறங்கினார், தெருமுனை வரைக்கும் போனார், அங்கே நினைவு வந்து திரும்பி ஓடிவந்து தெருவில் நின்றபடியே மாடியைப் பார்த்து, "உங்க பெரிய மச்சான் காலமாயிட்டாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். மறுபடி மேலே ஏற அவருக்குத் தைரியமில்லை.

அந்த மாடிதான் நான் சொல்லப்போகும் மாடி. புதுக்கோட்டைக் கீழ ராஜவீதியில், நூல் பிடித்தாற்போல் ஓடும் தெருவில், மூன்று தலைமுறைக்கு முன் கட்டிய பெரிய வீடு அது. பாகப் பிரிவினையில் முன்கட்டு அண்ணனுக்கும், பின்கட்டு தம்பிக்கும், மாடி முழுவதும் நடுவிலவருக்கும் என்று ஆயிற்று. நடுவிலவர்தான் உடையப்பன் மாமா. சமஸ்தான ஆபீஸில் தலைமைக் குமாஸ்தா. தம்பி ரங்கூனுக்குப் போய்விட்டதால் பின்கட்டில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம்: அம்மா, தங்கை மீனம்மாள், நான். எங்களுக்கும் அவர்களுக்கும் உறவு ஒன்றுமில்லை. தலைக்கு மேலே நடக்கிறவரை 'மாமா' என்று கூப்பிடாமல் வேறு எப்படிக் கூப்பிடுவது?

மூன்று வருஷம் வேலை நடந்தது. கொத்தனார் மலையாண்டி எங்களோடு ஒரு குடும்பத்தாள் மாதிரி ஆகிவிட்டார். வேலை முடிந்து சாரம் பிரித்த மறுநாளிலிருந்து காட்டுவது ஆரம்பமாயிற்று. எங்கள் கூடத்தில் படுத்துக்கொண்டே, மேலே விருந்தாளி எந்த அறையில் நிற்கிறார் என்று சொல்லிவிடுவேன். தட், தட், தட். அது தெற்குச் சுவர். டிக், டிக். அது ஸ்விட்சு.

ஸ்விட்சைப் பற்றிச் சொல்ல வேண்டும். மின்சாரத்துக்கு மாமா மனுப் போட்டிருந்தார். மனுவைவிட அவர் வேகம். ஆகையால் கம்பி வருவதற்கு முன்னாலேயே அறைக்கு ஒரு ஸ்விட்சு வந்துவிட்டது. "போட்டுப் பாருங்க" என்பார். போடுவீர்கள். டிக். அவர் அண்ணாந்து பார்ப்பார், நீங்களும் பார்ப்பீர்கள். "எரிஞ்சிருச்சுன்னு வச்சுக்குங்க." பிறகு அடுத்த அறைக்குக் கிளம்புவீர்கள். "அணைச்சுட்டு வாங்க" என்று கொஞ்சம் கோபமாகவே சொல்வார்.

அப்புறம் மழைத்தண்ணீர்க் குழாய். மொட்டைமாடித் தண்ணீரையெல்லாம் வாங்கி எங்கள் முற்றத்தில் சிங்க வாய் வழியாக உமிழும்படி மலையாண்டி செய்திருந்தார். நம் ஊரில் மழை எத்தனை நாள் பெய்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். அதற்காக மாமா காத்திருக்கவில்லை. விருந்தாளியைக் கீழே எங்கள் முற்றத்தில் நிறுத்திவிட்டு, மேலே போய் இரண்டு குடம் தண்ணீரைக் கவிழ்ப்பார். ஆனி மாதத்துக் கொடும் வெயிலில், ஞாயிற்றுக்கிழமை தவறாமல், எங்கள் முற்றத்தில் மட்டும் மழை. அம்மா வடகம் காயப்போடும் கிழமையை மாற்றிக்கொண்டாள்.

என்னிடம் மாமாவுக்குத் தனிப் பிரியம். காரணம் அப்போது எனக்குத் தெரியாது. பழைய பேப்பர் வாங்க மாடிக்குப் போவேன். போனால் ஒரு சுற்றுச் சுற்றாமல் வரமுடியாது. எனக்கு மனிதர்களிடம் பேச வராது. எதைக் காட்டினாலும் 'அப்படிங்களா' என்பேன். நூறாவது தடவை காட்டினாலும் அதையேதான் சொல்வேன். ஒரு நாள் என் கையில் வசன கவிதை போட்டிருந்த மாதப் பத்திரிகை ஒன்று இருந்தது. மாமா வாங்கிப் பார்த்தார். "என்ன தம்பி, வரியெல்லாம் பாதியிலேயே நிக்கிது? சுவத்தை இடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு" என்றார். "அப்படிங்களா" என்றேன். அதைவிட நல்ல விமரிசனத்தை நான் பிறகு எங்கும் படிக்கவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். மாமாவுக்கு ஒரே பெண், சொர்ணவல்லி. என் தங்கையோடு படித்தவள். எஸ்.எஸ்.எல்.சி. தேறியிருந்தாள். திருச்சியில் உபாத்தியாயினி ட்ரெய்னிங்குக்கு எழுதிப்போட்டு, இடம் கிடைத்துவிட்டதென்று கடிதமும் வந்திருந்தது. ஜூலை முதல் தேதி போய்ச் சேர வேண்டும். அதே சமயம் குளத்தூரிலிருந்து ஒரு வரனும் வந்தது. ரெவினியூ இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வுபெற்ற வீரய்யா என்பவரின் மகன் அடைக்கலம், ரயில்வேயில் உத்தியோகம். மாமா ஒரே வாக்கில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்: பெண்ணைப் பார்த்து அவர்கள் சரி என்றால் ஆனிக்குள்ளேயே கல்யாணம், ட்ரெய்னிங் கிடையாது. தட்டிப்போனால், ஆடி பிறந்துவிட்டால் பேச்சுக்கே இடமில்லை, அவள் போய்ப் படிக்கட்டும். சொர்ணவல்லி வாதாடவில்லை. கடிதத்தை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டாள் என்று மீனம்மாள் சொன்னாள். நாலு நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்றும் சொன்னாள்.

மாமி பெயர் அமராவதி. நாங்கள் அத்தை என்போம். அத்தை இந்த வரனில் மும்முரமாக இருந்தாள். கோயிலுக்குப் போய்ப் பிரகதாம்பாளுக்கு நெய்விளக்கு வைத்தாள். நல்ல நேரம் பார்த்தவளும் அவள்தான். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குமேல் நாலரைக்குள் பெண் பார்த்துவிட வேண்டும்; நாலரைக்கு ராகு காலம், அது கழிய ஆறு மணி ஆகும், குளத்தூருக்குப் போகிற கடைசி பஸ் ஐந்தேகாலுக்குப் புறப்பட்டுவிடும். எல்லாம் சேர்ந்து ஒன்றரை மணி நேரம்தான். ஒரு பெண்ணைப் பார்க்க அது தாராளம்.

அன்று மத்தியானம் அத்தையே படியிறங்கி வந்தாள். "தம்பி, நீ கட்டாயம் வரணும். ஆம்பளைங்க பக்கம் நம்ம ஆளுன்னு ஒருத்தர் வேணும்ல" என்றாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீ ஒண்ணும் பேச வேணாம்ப்பா. எப்பவும் போல இரு" என்றாள்.

மூன்றேகாலுக்கு வந்தார்கள். வீரய்யா, அவர் மனைவி அழகி, பையன் அடைக்கலம். படியின் கீழேயே மாமா வீரய்யாவின் மணிக்கட்டைப் பிடித்தார்.

முதலில் படி. பழைய படி எத்தனை, புதுப் படி எத்தனை, ஒரு படியைக் குறைத்ததால் முழங்காலுக்கு எவ்வளவு லாபம். பிறகு கூடம். "இங்கே ஒரு சுவர் இருந்துச்சு" என்றார் மாமா. "இங்கிட்டு நின்னா அங்கிட்டுத் தெரியாது. அங்கிட்டுப் போகணும்னா எப்படிப் போகணும் தெரியுமா? வாங்க." அந்த இல்லாத சுவரைச் சுற்றிக்கொண்டு, இல்லாத வாசல்படியில் தலையைக் குனிந்து மாமா முன்னே போனார்; அவர் கையோடு வீரய்யா, வீரய்யாவின் பின்னால் அழகியம்மாள், அப்புறம் மாப்பிள்ளை, கடைசியில் நான். வரிசையாகப் போனோம். மாப்பிள்ளையும் ஒரு இடத்தில் தலை குனிந்ததைப் பார்த்தேன். நல்ல மனிதர்.

பெண் தெற்கறையில் பூ வைத்துக்கொண்டிருந்தாள். சரியாக அந்த அறையின் தரையைத்தான் அடுத்தபடி காட்ட வேண்டியிருந்தது. "அமராவதி, பிள்ளையை அங்கிட்டு மாத்து, தரையைக் காட்டணும்" என்று குரல் கொடுத்தார் மாமா. வளையல் சத்தம் கேட்டது. பெண் கண்ணாடி ஜன்னல் அறைக்குப் போய்விட்டாள். நாங்கள் தெற்கறைக்குள் போனோம். செக்கச்செவேலென்ற சிமிட்டித் தரை. "குனிஞ்சு பாருங்க, மொகம் தெரியும்." குனிந்தார்கள். தெரிந்தது. பெண்ணின் முகத்தைப் பார்க்கக் குளத்தூரிலிருந்து வந்தவர்கள் மூன்று பேரும் தங்கள் தங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"பொண்ணைப் பாத்துட்டு அப்புறம் இதெல்லாம் நிதானமா..." என்று அழகியம்மாள் ஆரம்பித்தார்.

"பாக்கலாம், பாக்கலாம். பொண்ணு எங்கே போயிரப் போகுது?"

எங்கே போகும்? எங்களுக்கு ஓர் அறை முன்னால் போய்க்கொண்டிருந்தது. கண்ணாடி ஜன்னலைப் பார்க்க நாங்கள் போனதும் பெண் சாமான் அறைக்குப் போயிற்று. சாமான் அறை அலமாரிக்கு வந்ததும் பெண் சமையலறைக்குப் போயிற்று. நாங்கள் நுழைந்த அறையிலெல்லாம் அவள் அப்போதுதான் விட்டுப்போன ஏதோ ஒன்று கிடந்தது: பவுடர் டப்பா, இரண்டு மல்லிகைப்பூ, ஓரம் மடங்கிய பாய். கண்ணாடி ஜன்னல் அறையில் ஒரு கொண்டை ஊசி. அதை அடைக்கலம் மட்டும் பார்த்தார். எடுத்தார். என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்து, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, ஜன்னல் மேடையில் பத்திரமாக வைத்தார். ஜன்னல் வழியே சிவப்பும் பச்சையுமாக வெளிச்சம் விழுந்து, வீரய்யாவின் வழுக்கையில் பாதி பச்சையாயிருந்தது.

ஒவ்வொன்றைக் காட்டியதும் மாமா முதலில் வீரய்யாவைப் பார்ப்பார். வீரய்யா தம் பைக் கடிகாரத்தைப் பார்ப்பார். உடனே மாமா என்னைப் பார்ப்பார். நான் வேறு என்ன செய்வேன்? "அப்படிங்களா" என்பேன். அது போதும், மாமா அடுத்ததற்குப் புறப்பட்டுவிடுவார். ஓரிடத்தில் மாமாவுக்கே சொல்ல ஒன்றும் இல்லாமல் போயிற்று. 'சரி, உட்காருவோமா' என்பதுபோல் துண்டால் முகத்தைத் துடைத்தார். அந்தச் சமயம் பார்த்துச் சமையலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து அத்தையின் குரல்: "ஏங்க, செவுத்துப் பூச்சைப் பத்திச் சொல்லலையே."

இந்த வியாதி வீட்டுக்காரியையும் தொற்றிவிட்டதே என்று நான் வருத்தப்பட்டேன்.

சுவர்ப் பூச்சு. சுண்ணாம்பு எத்தனை நாள் ஊறியது, கடுக்காய், வெல்லம், முட்டை வெள்ளை, கூழாங்கல்லால் தேய்த்த ஆட்கள் எத்தனை. தட், தட், தட். இப்போதுதான் நான் எதிர்பாராத ஒன்று நடந்தது. வீரய்யா கடிகாரத்தைப் பைக்குள் போட்டார். மெதுவாகத் தம் நடுவிரலை மடக்கினார். தாமாகவே தட்டினார். காதை வைத்துக் கேட்டார்.

"கடுக்காய்த் தண்ணி எத்தனை நாள் வைக்கணும்?" என்றார்.

அழகியம்மாள் அந்தப் பளபளத்த தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அப்புறம் சொல்வானேன்? ஸ்விட்சை வீரய்யா மூன்று தடவை போட்டு, மூன்று தடவையும் எரிந்ததாக வைத்துக்கொண்டார். குழாய் என்றதும் அவரே மொட்டைமாடிக்கு முன்னால் ஏறினார். மேலே தண்ணீர் ஊற்றுவதை அவர் பார்க்க வேண்டும். கீழே சிங்க வாயில் அது வருவதை மாப்பிள்ளை பார்க்க வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. மாப்பிள்ளைக்குத் துணை நான். எங்கள் முற்றத்தில், அண்ணாந்தபடி, இரண்டு பேரும் சிங்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அவரும் பேசத் தெரியாதவர்தான் போலிருக்கிறது. சிங்கத்தைவிட்டுப் பார்வையை எடுக்காமலே, "பொண்ணு எப்பங்க வரும்?" என்று மெல்லக் கேட்டார்.

"குழாய்க்கு அப்புறங்க" என்றேன்.

அவர் தலையாட்டினார். தண்ணீர் வந்தது. சிங்கம் அன்று போல் என்றும் உமிழ்ந்ததில்லை. நான்கு குடம் ஊற்றினார்களாம், இரண்டு வீரய்யாவின் கையால். மாப்பிள்ளையின் வேட்டி முழங்கால் வரை நனைந்தது. மேலே "வருதா, வருதா" என்று இரண்டு குரல்கள். அந்தச் சத்தத்தின் நடுவே அழகியம்மாளின் குரல், அழுத்தமாக: "ஏங்க, மணி நாலே முக்காலு. ராகு காலம் பொறந்து கா மணி நேரமாச்சு."

காப்பித் தட்டோடு பெண் சமையலறையில் நின்றபடி நின்றாள். ராகு காலத்தில் எப்படிப் பெண் பார்ப்பது? ஆறு மணி வரை இருந்தால் பஸ் ஏது? ராகு காலத்தில் புறப்படலாமா என்று அழகியம்மாள் கேட்டதற்கு, பெண் பார்க்கத்தான் அதெல்லாம், பஸ் பிடிக்க இல்லை என்று வீரய்யா ஒரு சட்டம் சொன்னார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லிக்கொண்டு, படியிறங்கும்போது இரண்டு பக்கச் சுவரையும் தட்டிக்கொண்டே இறங்கினார். மாப்பிள்ளை தெருவிலிருந்து ஒரு தடவை திரும்பி மாடியைப் பார்த்தார். கண்ணாடி ஜன்னல்தான் தெரிந்தது.

அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மாமாவுக்கு அது தெரியவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கூடத்தில் உலாத்தினார்.

"அவுகளுக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வரவில்லை. அதற்கு மறு புதன்கிழமை கடிதம் வந்தது. மாமா எங்களையெல்லாம் கூப்பிட்டு வைத்துக்கொண்டு வாசித்தார். இவ்விடம் அனைவரும் க்ஷேமம், அவ்விடம் க்ஷேமத்துக்கு எழுதவும். தாங்கள் காட்டியதில் எங்களுக்குப் பரம திருப்தி, வீட்டில் இரவும் பகலும் அதே பேச்சாக இருக்கிறது. இந்த இடத்தில் மாமா நிறுத்தி எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தார். சொர்ணவல்லி கதவின் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாமா மேலே வாசித்தார். ஆகவே கொத்தனார் மலையாண்டியைக் கடிதம் கண்டதும் அனுப்பி வைக்கவும். எங்கள் கூடத்திலும் ஒரு சுவர் இருக்கிறது. வேலை முடிந்ததும் மற்ற விஷயத்தைப் பேசிக்கொள்ளலாம்.

"அப்ப ட்ரெய்னிங்கு?" என்றாள் அத்தை, யாரையும் பார்க்காமல்.

மாமா யோசித்தார். தகப்பனாராக அல்ல; வீட்டு வேலை தெரிந்தவராக. "போயிட்டு வரட்டும். சுவத்தை இடிக்கிறது ஒரு நாள் வேலை. அப்புறம்தான் ஒண்ணொண்ணா வரும். ரெண்டு வருசத்துக்குக் குறைஞ்சு சாரம் பிரிக்க மாட்டாங்க."

பிரிக்கவில்லைதான். அதற்குள் சொர்ணவல்லி படிப்பை முடித்து, திருவரங்குளத்தில் வேலையும் ஒப்புக்கொண்டுவிட்டாள். அடைக்கலத்துக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆயிற்று. தெருவில் நின்றபடியே முதலில் பெண்ணைப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் அந்த வீட்டுக்குள் காலெடுத்து வைத்தார் என்று கேள்வி.

சாரம் பிரித்ததும் வீரய்யா மாமாவைக் குளத்தூருக்கு வரும்படி எழுதினார். மாமா காலை பஸ்ஸில் போய் மாலை பஸ்ஸில் வந்தார். முகம் வாடியிருந்தது. என்னைப் பார்த்ததும் மணிக்கட்டைக்கூடப் பிடிக்கவில்லை.

"ரெண்டரை மணி நேரம் தம்பி. ஒரு வாய்த் தண்ணி குடுக்கலை. கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு அறை அறையா... நாம என்ன கேக்கிறோம், எதுக்கு வந்திருக்கோம்னு ஒரு இது வேணாமா? மனுசனுக்குக் கொஞ்சம் அடக்கம் வேணும்."

"அப்படிங்களா" என்றேன்.

சிரிக்கிறீர்கள். உங்களுக்கு வீடு வாசல் ஒன்றும் புதுப்பிக்க இல்லை, வாடகை வீட்டில் ஒண்டுக் குடித்தனம், ஆகையால் இது வேறு யாரையோ பற்றியது என்று நினைக்கிறீர்கள். போன வாரம் வாங்கிய கைக்கடிகாரத்தை நேரம் கேட்காதவரிடம் காட்டவில்லையா? குடலிறக்கத்துக்குக் கத்தி வைத்த தழும்பை ரயிலில் அவிழ்த்துக் காட்டவில்லையா? குழந்தையைத் தூக்கத்திலிருந்து எழுப்பிப் பாட்டுச் சொல்லச் சொல்லவில்லையா? யோசித்துப் பாருங்கள். உங்கள் கூடத்திலும் எங்கேயோ ஒரு சுவர் இருக்கும், அல்லது இருந்திருக்கும்.

இல்லை, நான் எதையும் காட்டுகிறவன் அல்ல, ஒதுங்கி நின்று பார்க்கிறவன் என்று சொல்கிறீர்களா? நானும் போன தை மாதம் வரை அப்படித்தான் நினைத்திருந்தேன். இவ்வளவு தூரம் பொறுமையாகத் தலையாட்டிக்கொண்டே படித்து வந்த உங்களுக்கு, அப்போது தெரிந்துகொண்டதைச் சொல்லி வைப்பது நல்லது.

சொர்ணவல்லி பொங்கல் விடுமுறைக்கு வந்திருந்தாள். அவளும் மீனம்மாளும் முற்றத்தில், சிங்கத்துக்குக் கீழே, எதையோ பேசி விழுந்து விழுந்து சிரித்தார்கள். என்னவென்று பிறகு தங்கையைக் கேட்டேன். அன்றைக்குப் பெண்ணை அறை அறையாகக் கூட்டிக்கொண்டு போனபோது, கையைப் பிடித்து அழுத்தி, "அழுகாதடி, அப்பா பாத்துக்குவாரு" என்று அத்தைதான் சொன்னாளாம். அவரிடம் வேண்டாம் என்று சொன்னால் வாக்குவாதம் வரும், வீட்டைக் காட்டச் சொன்னால் வராது என்று கணக்குப் போட்டு, நல்ல நேரத்தை நாலரைக்குள் வைத்ததும் அவள்தானாம்.

"அதுக்கு நான் எதுக்கு?" என்றேன்.

மாமா அன்றைக்குத் துணைக்குத் தம்முடைய ஆபீஸ் சிநேகிதர் ஐயனாரைக் கூப்பிடுவதாகத்தான் இருந்தாராம். அத்தை ஒப்பவில்லையாம். "அவரு கொட்டாவி விடுவாரு, இவரு நிறுத்திருவாரு" என்று மகளிடம் சொன்னாளாம். மாமாவிடம் சொன்னது இவ்வளவுதானாம்: "கீழ் வீட்டுத் தம்பியைக் கூப்பிடுங்க."